செப்புக்குடத்துத் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

விடிந்ததிலிருந்து துரைராஜ் தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

போன வாரம் இழுபறியில் நின்ற பேனர் ஒருவழியாக ஏறிவிட்டது. பம்மல் பிரதான சாலையிலிருந்து அவர்கள் தெரு பிரியும் இடத்தில், மின்கம்பத்துக்கும் இளநீர்க் கடைக்கும் நடுவில், ஆளுயரத்துக்கு மேல் நின்றது. நடுவில் மருமகள் ஜெயஸ்ரீ, வெள்ளைக் கோட்டில். மேலே வட்டத்துக்குள் துரைராஜும் கிளியம்மாளும். 'சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்காக இளம் விஞ்ஞானி விருது பெறும் எங்கள் குலவிளக்கே' என்று மஞ்சள் எழுத்து.

அவருக்கு ஒரே குறைதான். 'டாக்டர்' என்ற எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

இந்த வீட்டாரை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். இன்று புதிதாக வாசல் ஏறுகிறவர்களுக்காக நாலு வரி. துரைராஜின் குடும்பம் பம்மலின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிவிட்டபின் மிஞ்சியது வீடு, பின்கட்டுக் கிணறு, சில கடைகள், அப்புறம் பெயர். மற்றவற்றை மகன் குமரவேல் பார்த்துக்கொள்கிறான். வீடு கட்டி விற்பது அவன் தொழில். பெயரை மட்டும் துரைராஜ் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

மருமகள் படித்தது நிறமாலையியல். தண்ணீரைப் பனிபோலத் தூவிச் சுடரில் விட்டால், அதில் கரைந்திருக்கும் ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஓர் ஒளியைக் காட்டும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் எந்த உலோகம், எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஜெயஸ்ரீ அதற்குச் சின்னதாக, மலிவாக ஒரு கருவியைத் தானே அமைத்து, பம்மல் சுற்றுவட்டாரக் கிணறுகளை எல்லாம் அளந்து பட்டம் வாங்கினாள். அதில் ஓர் அத்தியாயம் அவர்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றியது. அந்தத் தண்ணீரில் மட்டும் செம்பு ஏகத்துக்கும் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னப்பனின் செம்பு முலாம் பூசும் பட்டறை. செய்தித்தாளில் வந்தது. அதிகாரிகள் வந்தார்கள். பட்டறைக் கதவில் முத்திரை விழுந்து இரண்டு மாதம் ஆகிறது.

பட்டறையின் பாலீஷ் சத்தத்தோடு பல வருடம் மல்லுக்கு நின்றவர் துரைராஜ். முத்திரை விழுந்த அன்று மத்தியானம்தான் நிம்மதியாகத் தூங்கினார். அதை அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று மாலை தாம்பரத்தில் விழா.

பத்து மணிவாக்கில் ஜெயஸ்ரீயின் வழிகாட்டி, பேராசிரியை அமலராணி வந்தார். மேடைப் பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்ப்பதாக ஏற்பாடு. துரைராஜ் துண்டைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தார். கிளியம்மாள் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க மேடம். நம்ம கெணத்துத் தண்ணிதான். ஆனா நேத்தே செப்புக்கொடத்துல ஊத்தி வெச்சது."

"நல்லா இருக்கும்மா."

"எங்க மாமியார் காலத்துலேர்ந்து பழக்கம். வெளியாளுக்குக் குடுக்கறதுன்னா கொடத்துத் தண்ணிதான். மோட்டர் போட்டு அப்படியே புடிச்சிக் குடுத்தா மரியாதையா இருக்காது. ஜெயாவோட பாட்டில்ல கூட இதைத்தான் ஊத்திக் குடுத்தேன்னா பாத்துக்குங்களேன். காலேஜுக்குப் போற தண்ணியாச்சே."

பட்டுப்புடவைக்கு ரவிக்கை தேடிக்கொண்டிருந்த ஜெயஸ்ரீ அறை வாசலில் அப்படியே நின்றாள்.

"எந்த பாட்டில் அத்தை?"

"அதாம்மா, உனக்கு டெங்கு வந்து படுத்துகினு இருந்தியே. கெணத்துத் தண்ணி ரெண்டு பாட்டில் புடிச்சி வைங்க அத்தைன்னு சொன்னியே, அந்த பாட்டில்."

"மழைக்கப்புறம் இன்னொரு தடவை கேட்டேனே?"

"அப்பவும் இதான். ஏன், கொறைச்சலா ஊத்திட்டேனா?"

அமலராணி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, கூடத்து மூலையில் சந்தனப்பொட்டோடு பளபளத்த குடத்தருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"இதை எப்படிம்மா தேய்ப்பீங்க?"

"புளி போட்டுத்தான். வெள்ளிக்கு வெள்ளி."

ஆசிரியையும் மாணவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வீட்டுக் கூடத்தில், தன்னைக் கேட்காமல் ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் துரைராஜுக்குப் புரிந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"மாமா, சின்னப்பன் அண்ணன் பட்டறையிலேர்ந்து நம்ம கிணத்துக்குச் செம்பு இறங்குதுன்னு எழுதினேன் இல்லையா? அது கிணத்துலேர்ந்தே வராம இருந்திருக்கலாம். இந்தக் குடத்துலேர்ந்து வந்திருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"தெரியல. பரிசோதிச்சுப் பார்க்கணும்."

"எப்போ?"

"இப்பவே."

கிளியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கதானே சொன்னீங்க," என்றாள் கணவரைப் பார்த்து. "நம்ம வூட்டுத் தண்ணி நாலு பேர் கைக்குப் போவுது, பாத்து நல்லதா குடு, பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு."

சொன்னவர்தான். மறந்துபோயிருந்தார்.

"நீ உள்ள போ கிளி."

தலையைத் துவட்டிக்கொண்டே குமரவேல் வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியிடம் தணிந்த குரலில் பேசினான்.

"இன்னிக்கு வேணாம் ஜெயா. பங்ஷன் முடியட்டும். நாளைக்குப் பாரு, அடுத்த வாரம் பாரு. சித்தப்பா வூடு, சிட்லபாக்கம் அத்தை வூடு, எல்லாரும் வேன்ல வர்றாங்க. இப்பப் போயி இதைக் கிளறணுமா?"

"கிளறலன்னா இல்லாமப் போயிடுமாங்க?"

"ரிசல்ட் தெரியாத வரைக்கும் அது ஒரு டவுட்டுதான். டவுட்டு எல்லாருக்கும்தான் வரும்."

ஜெயஸ்ரீ பின்கட்டுக்குப் போனாள். மோட்டார் வெகுநேரம் ஓடியது. குழாயில் நிறைய தண்ணீரை வீணாக விட்டு, அதன் பிறகு ஒரு பாட்டிலில் பிடித்தாள். குடத்திலிருந்து இன்னொரு பாட்டில். இரண்டிலும் தேதியும் தன் பெயரும் எழுதினாள். பேனா மூடியைப் போட மறந்துவிட்டாள்.

"நானும் வரேன்," என்றார் துரைராஜ்.

கூட இருந்தால் ஏதாவது ஒரு இடத்தில் தடுத்துவிடலாம் என்று நினைத்தார். எந்த இடத்தில் என்று அவருக்கே தெரியவில்லை.

ஜி.எஸ்.டி. ரோடு அன்றைக்கென்று அசையவில்லை. குரோம்பேட்டையில் நின்றார்கள், பெருங்களத்தூரில் இன்னும் நின்றார்கள். முன்சீட்டில் துரைராஜின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேன் எங்கே நிற்க வேண்டும், மாலை எத்தனை, சால்வை போர்த்த மேடையில் விடுவார்களா. எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம்" என்றார். எதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியே பழகியவர். இன்று அந்த வார்த்தை வாயில் உருண்டது.

வண்டலூரைத் தாண்டியிருந்த கல்லூரிக்கு அன்று விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஜெயஸ்ரீ அமைத்த கருவி மேசைமேல் இருந்தது. அதைப் பற்றி அவர் தெருவில் பேசாத ஆளில்லை. நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு தையல் மெஷின் அளவுகூட இல்லை.

"இம்மாத்தூண்டுதானா?"

"இவ்வளவுதான் மாமா."

கருவி சூடாகக் காத்திருந்தார்கள். துரைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், கஞ்சி போட்ட சட்டையின் கையை மடித்தார், மறுபடி இறக்கினார்.

முதலில் ஒன்றும் கலக்காத தூய நீர். கணினித் திரையில் கோடு தரையோடு தரையாக ஓடியது. அடுத்து குடத்துத் தண்ணீர். ஓடிக்கொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் வெடுக்கென்று எழுந்து, உச்சிக்குப் போய் இறங்கியது. செம்பின் இடம் அதுதான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் கிணறு.

கோடு எழவே இல்லை. அந்த இடத்தில் லேசாக ஒரு மேடு தட்டிவிட்டு நேராகப் போனது.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். அதேதான். அவர் கேட்காமலே மறுபடியும் போட்டாள். அதேதான்.

"மெஷினு தப்பு காட்டாதா?"

"காட்டும் மாமா. அதுக்குத்தான் முதல்ல சுத்தமான தண்ணியைப் போட்டுப் பார்க்கறது. மெஷின் இன்னிக்கும் சரியாத்தான் சொல்லுது, அன்னிக்கும் சரியாத்தான் சொல்லிச்சு. பாட்டில்ல செம்பு இருந்தது. கிணத்துல இருக்குன்னு எழுதினது நான்." கிணற்றுப் பாட்டிலை மூடினாள். "ரெண்டு பாட்டிலும் ஒத்துப்போச்சு, ரெண்டு பருவமும் ஒத்துப்போச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஒத்துப்போகாம என்ன செய்யும்? எல்லாம் ஒரே குடம்."

அமலராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் கருவியில தப்பு இல்ல. முறையில தப்பு இல்ல. மத்த அத்தியாயமெல்லாம் நிக்கும். இந்த ஒண்ணு நிக்காது. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவ நான். எனக்கும் இதுல பங்கு இருக்கு. திருத்தியே ஆகணும். இன்னிக்குச் சொல்றதா, விழாவுக்கப்புறம் சொல்றதாங்கறதை மட்டும் நீ முடிவு பண்ணு."

"அப்புறமே சொல்லட்டும்," என்றார் துரைராஜ் சட்டென்று. "வாங்கிக்க சொல்லுங்க. வாங்கினப்புறம் திருத்திக்கட்டும். யாரு வேணாம்னா?"

"அது வரைக்கும் பட்டறை மூடியே கிடக்குமே மாமா."

"ரெண்டு மாசம் கெடந்துது. இன்னும் பத்து நாள் கெடந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

சொல்லி முடித்ததும், அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. குடி முழுகுவது யாருக்கு என்று தெரிந்துதான் சொல்லியிருந்தார். அதை மறைக்க இன்னும் உரக்கப் பேசினார்.

"மேடையில ஏறி இன்னா சொல்லப் போற? எங்க மாமியாருக்குக் கெணத்துத் தண்ணிக்கும் கொடத்துத் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியலன்னா? என் பொண்டாட்டி பேரு தெருவுல அடிபடணுமா?"

ஜெயஸ்ரீ பாட்டிலைத் திருப்பி அவர் பக்கம் காட்டினாள்.

"இதுல யார் பேரு இருக்கு மாமா?"

அவள் பெயர்தான் இருந்தது.

"ஊர்ல இருக்கற கிணத்துக்கெல்லாம் நானே போய், வெயில்ல நின்னு, மோட்டரை ஓட விட்டுப் பிடிச்சேன். யாரையும் நம்பல. என் வீட்டுக்கு மட்டும் போகல. நம்ம வீடுதானேன்னு விட்டேன். அதுதான் தப்பு, அது என் தப்பு. அத்தை பேரு எங்கேயும் வராது. வர விட மாட்டேன்."

துரைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வீட்டுப் பெயரைத் தாங்குகிற தோள் தன்னுடையது ஒன்றுதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். வேறு வீட்டில் பிறந்து வந்த பெண், தன்னைக் கேட்காமலே அதற்குத் தோள் கொடுத்துக்கொண்டு நின்றாள். அது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை.

"கெளம்பலாம். நேரமாவுது," என்று மட்டும் சொன்னார்.

தாம்பரம் அரங்கத்தின் வாசலில் வேன் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. கிளியம்மாள் பட்டுப்புடவையில் இறங்கினாள், கண் சிவந்திருந்தது. ஜெயஸ்ரீ அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். கிளியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

பக்கத்து அறையில் விருதுக் குழுவின் தலைவர் இருந்தார். துரைராஜ் வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீ சொல்லச் சொல்ல, தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"எழுத்துல குடுங்கம்மா. கமிட்டி கூடிப் பார்க்கும். இப்ப விருதை வாங்கிக்கோங்க."

"வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசணும் சார்."

"வாங்கினப்புறம் எல்லாருக்குமே ரெண்டு நிமிஷம் உண்டு."

"முன்னாடி வேணும் சார்."

"தலைமை விருந்தினருக்கு பிளைட் இருக்கும்மா," என்றார் அவர், பரிதாபமாக. அமலராணி நடுவில் வந்து, "நான் பொறுப்பு சார்," என்றார். தலைவர் கைகளை விரித்தார். அது சம்மதமா, கைகழுவலா என்று தெரியவில்லை.

முதல் வரிசை முழுக்கத் துரைராஜின் உறவு. குமரவேல் அவருக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தான். "பேசிட்டீங்களா அப்பா? சமாதானம் ஆயிட்டாளா?" என்று காதருகே கேட்டான்.

"உன் பொண்டாட்டியை நீயே கேளு."

உட்காருவதற்கு முன் வழக்கம்போல அரங்கை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை தலை, யார் யார் என்று பார்த்துக்கொள்வது அவர் பழக்கம். கடைசி வரிசையின் ஓரத்தில் கண் நின்றது.

சின்னப்பன் உட்கார்ந்திருந்தான்.

தேய்த்த சட்டை, வாரிய தலை. பக்கத்தில் யாருமில்லை. அவனை அழைத்தது துரைராஜ்தான். தெருவில் ஒரு வீட்டை விட்டுவிட்டு மற்ற வீடுகளை அழைத்தால் இழுக்கு அழைக்கிறவனுக்குத்தான் என்று, வெற்றிலை பாக்கோடு அந்த வாசலிலும் ஏறியிருந்தார். வரமாட்டான் என்ற தைரியத்தில் ஏறியிருந்தார். தன் பட்டறையை மூடவைத்த படிப்புக்குக் கொடுக்கிற விருதைப் பார்க்க, அழைத்த மரியாதைக்காக, ரயில் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறான்.

அதன் பிறகு துரைராஜுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் பிளஸ்ஸி என்ற பெண்ணை அழைத்தார்கள். மருந்துகளில் கலப்படம் கண்டுபிடிக்கும் ஆய்வு. கைதட்டல், படம். அடுத்து ஜெயஸ்ரீ. முதல் வரிசை விசில் அடித்தது.

தலைமை விருந்தினர் கேடயத்தை நீட்டினார். ஜெயஸ்ரீ அவரைக் கும்பிட்டாள். கேடயத்தைத் தொடாமல் மைக்கிடம் போனாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் ஆய்வுல ஒரு அத்தியாயம் தப்பு. அது எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. கிணத்துத் தண்ணின்னு நான் பரிசோதிச்சது கிணத்துலேர்ந்து நேரா எடுத்த தண்ணி இல்ல. செப்புப் பாத்திரத்துல ராத்திரி முழுக்க இருந்த தண்ணி. மாதிரியை நானே எடுத்திருக்கணும். எடுக்கல. நான் எழுதினதை நம்பி ஒருத்தரோட தொழிலை நிறுத்தி வெச்சிருக்காங்க. அவர் பட்டறையால அந்தக் கிணறு கெட்டதுன்னு சொல்ல என்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல. கமிட்டி இதைப் பார்க்கட்டும். அது வரைக்கும் இந்த விருது இங்கேயே இருக்கட்டும்."

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. யாருடைய போனோ அடித்து அணைந்தது. சிட்லபாக்கத்து அத்தை வீட்டு மாப்பிள்ளை பக்கத்திலிருந்து குனிந்து, "இன்னா மாமா, வேணாங்குதா உங்க மருமவ? நாலாயிரம் ரூபா பேனரு தண்டமா?" என்றான்.

துரைராஜ் எழுந்தார்.

கோபித்துக்கொண்டு வெளியே போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "அப்பா," என்று குமரவேல் கையை நீட்டினான். அவர் நிற்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்தார். முதுகு வளையாமல்தான் நடந்தார். வளைவது மட்டும் அவருக்கு வராது.

கடைசி வரிசையில் சின்னப்பன் தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

"கேட்டியா சின்னப்பா?"

"கேட்டேண்ணா."

"என் வூட்டுத் தண்ணி. என் வூட்டுக் கொடம். பாத்து நல்லதா குடுன்னு சொன்னதும் நான்தான்." மூச்சு வாங்கியது. "நாளைக்குக் காலையில ஆபீஸ் தெறக்கறப்ப நானே உன்கூட வரேன். இதையே அங்கயும் சொல்றேன். முத்திரையைப் பிரிக்காம திரும்பறதில்ல."

சின்னப்பன் மேடையைப் பார்த்தான். ஜெயஸ்ரீ இறங்கி, அமலராணியின் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பொண்ணு தங்கமான பொண்ணுண்ணா. இவ்ளோ பேர் முன்னாடி யாரு சொல்லுவாங்க?" அவன் துரைராஜ் பக்கம் திரும்பினான். "ஆனா ஆபீசுக்கு வேணாம். இனிமே அதைத் தெறந்து இன்னா பண்றது? எடத்தைக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? யாருக்கு?"

சின்னப்பன் அவரை விநோதமாகப் பார்த்தான். விளையாடுகிறாரா என்று பார்ப்பது போலிருந்தது.

"இன்னாண்ணா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? நேத்து சாயங்காலம் பேசி முடிச்சது. முத்திரை விழுந்த எடம், வேற எவன் வாங்குவான்னு கேட்டாரு. அதுவும் நெசந்தானேன்னு ஒத்துக்கினேன். அப்பா கேக்கறாருன்னு உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டாரு. உங்க பேருக்காகத்தான் நானும் சரின்னேன்."

"யாரு கேட்டது?"

"குமரவேலுதான்."

துரைராஜ் மெதுவாகத் திரும்பினார். முதல் வரிசையில் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பி, கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளியம்மாள்கூட எழுந்து நின்று பார்த்தாள்.

குமரவேல் மட்டும் திரும்பவில்லை.